அரசர் ஆசைப்பட்ட வேலமரம்

முன்னொரு காலத்தில், மல்லிகையும் மகிழமும் மணக்கும் நந்தவனத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு முள் மரத்துக்கு ஏங்கிய அரசர் ஒருவர் இருந்தார். அவருடைய தாயார் பிறந்தது வறண்ட சீமை. சிறுவயதில் அரசர் அங்கேதான் வளர்ந்தார். மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் வேலமரமும், அந்தப் பூவை மடியில் கட்டிக்கொண்டு தாயாரிடம் ஓடியதும் வயதாக வயதாக அவரைப் பாடாய்ப் படுத்தின. தாயார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த மரமாவது வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

நந்தவன அதிகாரி அம்பலவாணர் வேலவிதையை வெள்ளித் தொட்டியில் ஊன்றி, வேளை தவறாமல் பாலும் பன்னீரும் ஊற்றினார். விதை அழுகியது. மறுபடி ஊன்றினார், மறுபடி அழுகியது. அரசவை விகடகவி விடங்கன் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கும் அதே வறண்ட சீமை. சீராட்டினால் வேலமரம் செத்துப்போகும், விட்டுவிட்டால் தானாக முளைக்கும் என்று சபையில் சிரித்துவிட்டான்.

அம்பலவாணருக்கு அது போதாதா?

"மகாராஜா, தானாக முளைக்கும் என்றவர் முளைக்க வைத்துக் காட்டட்டும். மனிதக் கை விதைக்கக் கூடாது, மனிதக் கை நீர் ஊற்றக் கூடாது. மூன்றாம் வருஷம் பூக்காவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

எரிச்சலில் இருந்த அரசர் தலையாட்டிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட விடங்கனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான்? மூன்றாம் நாள், அவன் தகப்பனார் எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்ட நிலங்கள் நினைவுக்கு வந்தன. கோடையில் ஆடுகள் வேலங்காயை விரும்பித் தின்னும். அவை கிடந்த இடமெல்லாம் மழைக்குப் பிறகு வேலங்கன்று முளைத்து, பிடுங்கி மாளாது. தகப்பனார் திட்டிக்கொண்டே பிடுங்குவார். அந்தத் திட்டை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்றிருந்தது விடங்கனுக்கு.

வேலங்காய் தின்ற நாற்பது ஆடுகள் நந்தவனத்தின் மூலையில் மூன்று நாள் கிடை கிடந்தன. அம்பலவாணர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மழை பெய்தது; புழுக்கைக்குள்ளிருந்து கன்றுகள் எழுந்தன. மூன்றாம் வருஷம் வானம் பொய்த்தது. மல்லிகை கருகியது, மகிழம் வாடியது. வேலமரம் மட்டும் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது.

ஆட்டை ஓட்டி வந்தவன் விடங்கன், ஆகவே விதைத்தவனும் அவனே என்று அம்பலவாணர் வழக்காடினார்.

"ஆட்டை ஓட்டக் கூடாதென்று உத்தரவில்லையே, மகாராஜா. விதைத்தது ஆட்டின் வயிறு, நீர் ஊற்றியது வானம். வயிற்றுக்கு ஏது கை?" என்றான் விடங்கன்.

பூவை முகர்ந்து கண்கலங்கி நின்ற அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டு, அவனை மரத்தடியில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். தம் தாயார் ஊரைத் தெரிந்தவர் அரண்மனையில் வேறு யாரும் இல்லை. இருவரும் பொழுது சாயும்வரை அந்த ஊரையே பேசினார்கள். வேலமர நிழல் சல்லடை நிழல்; வெயில் தாங்கவில்லை. குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அம்பலவாணர் பிடித்தார்.