கொழுஞ்சிப்பட்டி முன்சீப்பின் எழுபது முழத் தலைப்பாகை

குற்றாலிங்கம் பிள்ளையின் தலைப்பாகை களவு போய் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. போனதுகூடப் பெரிதில்லை. போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையே, அதுதான் மனுஷனை அறுத்துக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்களின் வரிக்கணக்கைப் பார்க்க ஜமாபந்தி என்று துரை வந்து மாந்தோப்பில் கூடாரம் அடிப்பார். தாலுகாவில் உள்ள கிராம முன்சீப்புகள் எல்லோரும் வரிசையாக அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும், தலைப்பாகையோ தலையில் இருந்தே ஆக வேண்டும். போன வருஷம் வெறுந்தலையோடு நுழைந்த ஒருத்தரைத் துரை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் மூன்று மாசம் சஸ்பெண்டு செய்து அனுப்பிவிட்டார்.

ஜமாபந்தி என்றால் களவும் உண்டு. கூடாரத்துக்கு வெளியே விட்ட செருப்பு, மரத்தில் சாத்திய குடை, வெற்றிலைப் பை என்று வருஷா வருஷம் யாராவது எதையாவது பறிகொடுப்பார்கள். பறிகொடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதுதான் கொழுஞ்சிப்பட்டி முன்சீப்பான குற்றாலிங்கம் பிள்ளைக்கு வேலை. "என் சாமான்ல கை வைக்க எவனும் இன்னும் பொறக்கல வே" என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்த வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு, கிணற்றடியில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் மாங்கிளையில் தொங்கவிட்ட சரிகைத் தலைப்பாகையைக் காணோம் என்று எப்படிச் சொல்வது?

துரை மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். சாப்பாடு முடிந்ததும் முதல் அழைப்பு கொழுஞ்சிப்பட்டிக்கு. வெக்கைக்காகத் தலைப்பாகையை மடியில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக எடுத்துச் சுற்றத் தொடங்கினார்கள். பிள்ளையின் வழுக்கை மட்டும் பளபளத்தது.

"அண்ணாச்சி, உங்க தலைப்பாகை எங்கே?" என்று கேட்டார் உமையொருபாகம். பக்கத்து ஊர் முன்சீப்பு, வயதில் இளையவர். காலையிலேயே துரையைப் பார்த்து முடித்துவிட்டு, ஊருக்குப் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "காணாமப் போச்சுன்னா சொல்லுங்க. என்னுது சும்மாதான் இருக்கு, கட்டிக்கிட்டுப் போங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையின் உத்தியோகம் பிழைத்தது. ஆனால் சுற்றியிருந்த பதினைந்து முகத்திலும் சிரிப்பு இப்போதே ஊறிக்கொண்டு நின்றது. பிள்ளையின் வாய் அது பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"காணாமப் போறதா? என் சாமானா? நல்லாக் கேட்டேரு. என் பொடி டப்பியை ஒருத்தன் திருச்செந்தூர்த் தேரோட்டத்துல அடிச்சான். என்ன ஆச்சு தெரியுமா?"

"என்ன ஆச்சு?"

"நான் தேடவே இல்ல. பொடி என் கைப்பக்குவம்லா. ஒரு சிட்டிகை போட்டான், தும்முனான். தும்மித் தும்மியே திருச்செந்தூர்ல இருந்து பின்னுக்கு நகர்ந்து, மூணாம் நாள் கொழுஞ்சிப்பட்டியில என் வாசல்ல வந்து நின்னான். நாப்பது மைல்! டப்பியைக் குடுத்துட்டு, 'அய்யா, தும்மலை நிப்பாட்டுங்க'ன்னு அழுதான்."

"பின்னாலே நடந்தவனுக்கு வழி எப்படித் தெரிஞ்சுது?" என்றார் திருவடிக் கோனார். அவரும் ஒரு முன்சீப்புதான். போன வருஷம் குடையைத் தொலைத்துவிட்டுப் பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"தும்மல் தள்ளின வழி வே. அதுக்கு மாட்டுவண்டித் தடமா வேணும்? செருப்புக் கதை தெரியுமா உமக்கு? என் செருப்பை ஒருத்தன் காலில மாட்டிக்கிட்டுக் கிழக்கே ஓடப் பாத்தான். செருப்பு போகணுமே! பழகின செருப்புலா? அவனை இழுத்துக்கிட்டு மேற்கே திரும்பி, ஆத்தைத் தாண்டி, என் வீட்டுத் தொழுவத்துல கொண்டுவந்து விட்டுட்டுது. வந்ததும் வந்தான்னு அவனை ரெண்டு நாள் சாணி அள்ளச் சொன்னேன்."

சிரிப்பு கிளம்பியது. ஆனால் உமையொருபாகம் விடுகிற ஆளில்லை. "அது செருப்பு. நான் கேட்டது தலைப்பாகை."

"அதுக்குத்தானே வாரேன்!" பிள்ளை கூடாரத்துப் பக்கம் ஒரு கண்ணை ஓட்டினார். உள்ளே தட்டுச் சத்தம் இன்னும் கேட்டது. "வழுக்குப்பாறைச் சுடலைன்னு ஒரு களவாணி. ஓடுத ரயில்ல கார்டு கையில இருந்த பச்சைக்கொடியை உருவிக்கிட்டுச் சிவப்பை மட்டும் விட்டுட்டுப் போனவன். ரயில் ரெண்டு நாள் நடுக்காட்டுல நின்னுதுல்லா? அவன் இன்னைக்குக் காலையில இங்க வந்திருந்தான்."

"எங்கே?"

"இங்கேதான். நீங்கள்லாம் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்திய. கூடாரத்தை முளைக்குச்சியோட பிடுங்கி, பாய் மாதிரி சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கான். உள்ளே துரை முகச்சவரம் பண்ணிக்கிட்டு இருக்காரு. அவருக்குத் தெரியவே இல்ல! நான் விடுவேனா? விரட்டுனேன். அக்கரையில மடக்குனேன். கூடாரத்தைப் பறிச்சேன். கட்டிப்போடக் கயிறு இல்ல. தலைப்பாகையை அவுத்தேன். எழுபது முழம். ஆலமரத்தோட சேத்துப் பதினெட்டுச் சுத்து! அந்தால கூடாரத்தைத் தூக்கியாந்து பழைய இடத்துலயே நட்டேன். துரைக்கு இன்னொரு கன்னம்கூடச் சவரம் முடியல."

கோனார் கூடாரத்தையும் பிள்ளையின் ஒல்லித் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த எழுபது முழத்தை இந்தத் தலையிலேயா சுத்தியிருந்தீரு?"

"தலைக்குள்ள விஷயம் இருந்தா எவ்வளவும் சுத்தலாம் வே."

அந்த நேரம் பார்த்துத்தான் கூடாரத்துச் சமையல்கட்டிலிருந்து துரையின் டவாலிச் சேவகன் காதர் மைதீன் வந்தான். கையை நீட்டிப் பிடித்திருந்தான். கையில் ஒரு ஈரத்துணி ஆவி பறக்கத் தொங்கியது. ஓரத்தில் சரிகை.

"இது யாரு தலைப்பாகை?" என்று கத்தினான். "துரைக்குப் புட்டிங்னு ஒரு இனிப்பு அவிப்பாங்க, மாவையும் திராட்சையையும் துணியிலே மூட்டை கட்டி. மூட்டைத் துணி கிழிஞ்சு போச்சுன்னு பட்லர் காலையிலே மாமரத்திலேருந்து இதை எடுத்துட்டுப் போயிட்டான். இப்ப துரை வாயிலே சரிகை நூல் மாட்டிக்கிச்சு. பட்லருக்கு நல்ல வசவு. உடையவன் வந்து வாங்கிக்கிடலாம்னு உத்தரவு. யாரும் கேக்கலேன்னா நாளைப் புட்டிங்குக்கும் இதுதான். அப்புறம், கொழுஞ்சிப்பட்டி முன்சீப்பு! துரை கூப்பிடுதாரு!"

எல்லோரும் கழுத்தை நீட்டித் துணியைப் பார்த்தார்கள். துணியின் மூலையில் வண்ணான் சேங்கொட்டையால் இட்ட குறி இருந்தது. மூன்று புள்ளியும் ஒரு கோடும். அது யார் வீட்டுக் குறி என்று அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

எடுத்தால் இருபது வருஷப் பேர் போச்சு, விட்டால் இருபது வருஷ உத்தியோகம் போச்சு. பிள்ளை தன் வீட்டுக் குழந்தை குட்டிகளை நினைத்தார். ஒரே எட்டில் போய்த் துணியைப் பறித்தார்.

"பாத்தேரா வே! சொன்னேன்லா?" துணியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "பதினெட்டுச் சுத்தையும் பல்லால அவுத்துட்டு, ஆத்தை நீந்தி வந்து, துரைக்கு பட்லரா உக்காந்துட்டான் பாரும்! சுடலையா கொக்கா?"

"அந்தப் பட்லர் பன்னிரண்டு வருஷமா இங்கதான் இருக்கான்" என்றான் காதர் மைதீன்.

உமையொருபாகம் துணியின் ஒரு முனையைப் பிடித்து முழம் போட்டார். "ஒன்பது முழம்தான் வருது, அண்ணாச்சி."

"வேக வச்சாச் சுருங்காதா வே?"

சிரிப்பு தோப்பையே தூக்கியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே பிள்ளை ஈரத்தைப் பிழிந்து அவசர அவசரமாகத் தலையில் சுற்றினார். சூடு உச்சந்தலையைப் பொசுக்கியது. கல்யாண வீட்டு மணம் அடித்தது. நாலு ஈ வந்து சேர்ந்துகொண்டன. ஆனாலும் தலையில் தலைப்பாகை இருந்தது. அந்த நிம்மதியில் அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும், அண்ணாச்சி" என்றார் உமையொருபாகம் நிதானமாக. "நெத்திக்கு மேலே ஒரு திராட்சை ஒட்டிக்கிட்டு இருக்கு. எடுத்துட்டு உள்ளே போங்க."

பிள்ளை தடவிப் பார்த்தார். இருந்தது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"களவாணிகிட்ட எதையாவது பறிமுதல் பண்ணாம நான் வந்ததே இல்ல" என்றார் மென்றுகொண்டே.

கூடார வாசல் வரை நிமிர்ந்து நடந்தவர், அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். உமையொருபாகத்தின் காதருகே குனிந்தார்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கிடும் வே. களவாணிப் பயலுவ நடமாட்டம் ஜாஸ்தியா இருக்கு."