அரக்கி சேலையில சங்கிலிப் பூ

ஒரு ஊர்ல, காட்டை ஒட்டி ஒரு வீட்டுல, மரிக்கொழுந்துன்னு ஒரு பொண்ணு இருந்தா. கிழிசல் தைக்கத் தெரியும் அவளுக்கு. நூலால பூ போடத் தெரியாது. கேக்குறியா?

ம்.

ஒரு நாள் விறகு பொறுக்கப் போனா. அப்போ சோன்னு மழை. ஓடிப்போய் ஒரு குகைக்குள்ள ஒதுங்குனா. உள்ள புஸ்... புஸ்...னு யாரோ மூச்சு விடுறாங்க. பார்த்தா, அரக்கி! மடியில மலையாட்டம் ஒரு சேலை. அதுல பாதிப் பூ மட்டும் தச்சிருக்கு. பக்கத்துல ஒரு குவியல் வளையல்.

"தைக்கத் தெரியுமா?"ன்னா அரக்கி.

பயத்துல "தெரியும்"னுட்டா.

"அப்போ இந்தப் பூவை முடி. மூணு தடவை பார்ப்பேன்."

"இதைத் தச்ச அக்கா எங்க?"

அரக்கி வளையலைப் பார்த்து ஏவ்வுன்னு ஏப்பம் விட்டா. அவ்வளவுதான், மரிக்கொழுந்து சட்டுன்னு ஊசியைக் கையில எடுத்தா.

அப்புறம் தெரிஞ்ச மாதிரி நேர்த்தையல் போட்டா. "இது பூவா?" அரக்கி மரிக்கொழுந்தோட வலது கை வளையலை உருவிக் குவியல்ல போட்டா. க்ளிங்!

அப்புறம் மரிக்கொழுந்து அந்தப் பழைய பூவுல ஓர் இதழைப் பிரிச்சுப் பார்த்தா. சர்ர்ருன்னு வருது நூல். ஓ, ஒரு வளையத்துக்குள்ள இருந்து அடுத்த வளையம்! சங்கிலி மாதிரி! அதே மாதிரி குத்தி, நூலை வளைச்சு, குத்துன ஓட்டையிலயே திரும்பக் குத்தி, வளையத்துக்குள்ள ஊசியை எடுத்தா. இதழ் வந்துருச்சு. ஆனா அரக்கி நுனியை இழுத்தா, சர்ர்ர்! எல்லாம் போச்சு. இடது கை வளையலும் போச்சு. க்ளிங்! "அடுத்தது நீதான்."

தூங்கிட்டியா?

ம்ஹூம். அப்புறம்?

அப்புறம் அழுதுக்கிட்டே இன்னொரு இதழோட கடைசி வளையத்தை உத்துப் பார்த்தா. அதோட தலையில குட்டியா ஒரு தையல் இருந்துச்சு. அதையும் போட்டா. அரக்கி இழுத்தா. வரல. மறுபடி இழுத்தா. வரல!

"நான் வீட்டுக்குப் போறேன்."

"நீ போயிட்டா யாரு தைப்பா?" அரக்கி அவ பின்னலைப் பிடிச்சுக்கிட்டா.

மரிக்கொழுந்து ஊசியை நீட்டுனா. "நீங்களே தைக்கலாமே. இந்தாங்க ஊசி."

அரக்கி பின்னலை விட்டா. ஊசியை வாங்கிக் குனிஞ்சா. ஒரு வளையம் விழுந்துச்சு. "ஹை!"ன்னா. மரிக்கொழுந்து ஓர் அடி பின்னால வச்சா.

"அடுத்து?"

"இன்னொரு வளையம்."

அரக்கி குத்துறா. இவ இன்னும் ஓர் அடி.

"அடுத்து?"

"இன்னொரு வளையம்."

குகை வாசல் வந்துருச்சு. அப்போ காலுக்கடியில ஒரு சுள்ளி, படக்! அரக்கி கை நின்னுச்சு. மரிக்கொழுந்தும் அப்படியே நின்னா.

"கடைசி வளையம் எது?"ன்னா அரக்கி, குனிஞ்ச தலை நிமிராம.

"இன்னும் வரல. போட்டுக்கிட்டே இருங்க."

சொல்லிட்டு ஓடுனா பாரு! திபுதிபுன்னு, முள்ளு, கல்லு, ஓடை எதையும் பார்க்கல. வீட்டுக்குள்ள விழுந்தா. அவங்கம்மா தாழ்ப்பாளைப் போட்டு, "என்னடி ஆச்சு?"ன்னு கட்டிக்கிட்டாங்க. உடம்பு நடுங்கி அடங்குற வரைக்கும் அம்மா முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

அரக்கி?

அவ இன்னும் தச்சுக்கிட்டே இருக்கா, நிமிரல. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். என் கையைப் பிடிச்சுக்க, கண்ணை மூடு.