அல்லிப்பாடியின் மாமியார் வீடு

முன்னொரு காலத்தில் அல்லிப்பாடி என்ற நாட்டைக் குதூகலவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் புத்தி காலையில் ஒரு கிளையில் இருக்கும், மாலையில் வேறு கிளைக்குத் தாவிவிடும். ஒரு தடவை மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போனவன், குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டு திரும்பினான். வந்த சூட்டில் தண்டோரா போடச் சொன்னான்.

"இன்று முதல் நம் சிறைச்சாலைக்குப் பெயர் மாமியார் வீடு. வேறு பெயர் சொல்கிறவன் நாக்கில் சூடு."

சும்மா சொல்லக்கூடாது, காவலர்களும் கைதிகளும் ஒரே நாளில் பழகிவிட்டார்கள். ராஜா வாயிலிருந்து வந்தால் அது சட்டமில்லையா?

அந்த மாமியார் வீட்டுக்குள் இருந்தவர்கள் யார் தெரியுமா? பசிக்குக் கைப்பிடிக் கேழ்வரகு எடுத்தவன், அதிகாரியின் மாட்டைப் பார்த்துச் சிரித்தவன், இப்படிப்பட்டவர்கள். பெரிய இடத்துக் குற்றவாளிகளுக்கோ வீட்டுக் காவல். அந்த யோசனையைச் சொன்னவர் களஞ்சிய அதிகாரி சிங்காரராயர். "பெரிய மனிதர் கட்டாந்தரையில் படுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் பிரபு" என்றார். யாருடைய இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. பஞ்சத்துக்கென்று வைத்திருந்த நெல்லை வண்டி வண்டியாக விற்று விழுங்கியவர் அவரேதான். ஓராண்டு வீட்டுக் காவல் என்று தீர்ப்பானது. ராயர் ஊஞ்சலில் படுத்து வெற்றிலை மென்றார். காவலுக்கு நின்றவன் ஊஞ்சலை ஆட்டினான்.

அதே சமயம் வண்டிக்கார மாசாணமும் பிடிபட்டான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்டாட்டி வேலம்மை ஆசைப்பட்டாளே என்று, அரண்மனைச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்த ஒரு பலாப்பழத்தைப் பறித்துவிட்டான். அவனுக்கும் ஓராண்டு, மாமியார் வீட்டில். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

வேலம்மைக்கோ மாதம் நிறைந்துவிட்டது. தாய் தகப்பன் இல்லாதவள். புருஷனும் பக்கத்தில் இல்லாமல் எப்படிப் பெற்றெடுப்பது என்று ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு நேரே சபைக்குப் போனாள்.

"மகராசா, உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போக வந்தேன்."

ராஜாவுக்கு ஆச்சரியம். "உன் புருஷனைப் பிடித்துப் போட்டிருக்கிறேன். நன்றி எதற்கு?"

"அவரை மாமியார் வீட்டுக்கு அனுப்பினீங்களே. அவருக்கு மாமியார் வீடுன்னா எனக்குத் தாய்வீடு. நாதியத்தவளுக்கு மகராசா ஒரு தாய்வீடு குடுத்துட்டீங்க. ஆனா ஒரு குறை. மாப்பிள்ளைக்குக் களியைப் போடுறாங்களாம். ஊர்ல கேட்டா மகராசா வீட்டுக்குத்தானே கேவலம்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சரிதானே! போடுங்கள் மாப்பிள்ளை விருந்து. எல்லா மாப்பிள்ளைகளுக்கும்!"

அப்புறம் கேட்க வேண்டுமா? சிறைக்கூடத்தில் மேளம் கொட்டியது. தலைமைக் காவலன் எண்ணெய் தேய்த்துவிட்டான். தலைவாழை இலையில் வடை, பாயசம், நெய்யப்பம். "இன்னும் ரெண்டு வைச்சுக்குங்க மாப்பிள்ளை" என்று உபசாரம் வேறு. மாசாணமோ அப்பத்தைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலம்மை தனியாக இருப்பாளே என்ற நினைப்பு.

நெய் வாசனை தெருத் தாண்டி ராயரின் ஊஞ்சலுக்குப் போனது. ஒரு வண்டிக்காரனுக்கு மேளமா? ராயருக்கு வயிறு எரிந்தது. நான்காம் நாள் பல்லக்கேறிச் சபைக்கு வந்துவிட்டார். வீட்டுக் காவலில் இருப்பவர் எப்படி வெளியே வரலாம் என்று கேட்காதீர்கள். பெரிய இடங்களில் பல்லக்கும் வீட்டில் ஓர் அறைதான்.

அவருக்கு முன்னாலேயே வேலம்மை வந்து நின்றிருந்தாள்.

"மகராசா, விருந்தும் மருந்தும் மூணு நாள். இன்னிக்கு நாலாம் நாள். இனியும் மாப்பிள்ளை அங்கே இருந்தா மரியாதை இல்லே. அனுப்பி வைங்க."

ராஜா தொடையில் தட்டினான். "மடக்கிவிட்டாளே! விடுங்கள் மாசாணத்தை."

ராயர் குறுக்கே வந்தார். "பிரபு, அந்த விருந்து எனக்கல்லவா பொருந்தும்? என்னையும் மாமியார் வீட்டுக்கே மாற்றுங்கள்."

"மூன்று நாள்தானே ராயரே?"

"மூன்று நாளில் கிளம்ப நான் என்ன வண்டிக்காரனா? முழு ஆண்டும் அங்கேதான் இருப்பேன்."

"வாக்கு மாற மாட்டீரே?"

"மாட்டேன் பிரபு."

வேலம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "என்னம்மா சிரிப்பு?" என்றான் ராஜா.

"ஒண்ணுமில்லே மகராசா. மூணு நாளுக்கு மேலே மாமியார் வீட்டிலேயே கிடக்கிறவருக்கு எங்க தெருவுல ஒரு பேர் உண்டு."

"என்ன பேர்?"

"வீட்டோட மாப்பிள்ளை."

சபை குலுங்கியது. வீட்டோடு மாப்பிள்ளை என்ன பாடுபடுவான் என்று தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? தண்ணீர் இறைக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், மாட்டைக் குளிப்பாட்ட வேண்டும், எல்லோரும் தின்று மீந்ததைத் தின்ன வேண்டும். ராயர் பல்லக்கைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ராஜா அதை அனுப்பிவிட்டான்.

சிரித்து ஓய்ந்த பிறகு ராஜாவுக்கு முகம் சுருங்கியது. "பழத்தை எடுத்தவனுக்குக் களி, களஞ்சியத்தைத் தின்றவனுக்கு ஊஞ்சல். இதை இத்தனை நாள் நீதி என்று நினைத்திருக்கிறேன். நீ என்ன வேண்டுமோ கேள், தாயே."

"உள்ளே இருக்கிற மத்த மாப்பிள்ளைகளுக்கும் மூணு நாள் முடிஞ்சிருச்சு, மகராசா. அவங்க வீட்டுலயும் காத்திருப்பாங்க."

கேழ்வரகு எடுத்தவன் வரை எல்லோரும் அன்றே வீடு போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக் காவல் என்ற சொல்லே அல்லிப்பாடியில் ஒழிந்தது. குற்றம் செய்தவன் யாரானாலும் ஒரே வீடு, ஒரே களி.

மாசாணம் ஓடிவந்து சேர்ந்த மறுநாள் வேலம்மைக்குப் பெண் பிறந்தது. தலைப்பிள்ளைக்குத் தொட்டில் சீர் தாய்வீட்டிலிருந்துதானே வரவேண்டும்? அரண்மனைப் பலா ஒன்றும் மரத்தொட்டில் ஒன்றும் சிறைக்கூடத்திலிருந்து கிளம்பின. சுமந்து வந்தது யார்? வீட்டோடு மாப்பிள்ளைதான். வேர்க்க விறுவிறுக்கத் தெருவெல்லாம் நடந்து, மாசாணத்தின் குடிசை வாசலில் தொட்டிலை இறக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

மாசாணம் பாயை உதறிப் போட்டான். பலாவை அறுத்து, நல்ல சுளையாகப் பார்த்து எடுத்து நீட்டினான்.

"ஒரே வீட்டுல பொண்ணெடுத்தவங்க ஆயிட்டோம். உட்காருங்க சகலை."