களாச்செடிக்கு வாசல் வைத்த கௌதாரி

கரட்டுக் காட்டின் பாறைச் சரிவில் ஒரு களாச்செடி அடர்ந்து நின்றது. அதற்குள் ஒரு கௌதாரி ஆறு முட்டை இட்டு அடைகாத்து வந்தது. செடி முழுக்க வெள்ளைப் பூ, பூவுக்குப் பூ முள். இரை தேடப் போகையில் ஒரு கீறல், திரும்பி நுழைகையில் இன்னொரு கீறல். முதலில் இட்ட முட்டைகளை மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. இவையாவது பொரிய வேண்டுமே என்று பதினைந்து நாளாகச் சரியான தீனியில்லை, தூக்கமில்லை. பாவம், அலுத்துப் போயிருந்தது.

அந்தச் செடிக்குள் நரி ஒன்று எத்தனையோ முறை மூக்கை நுழைத்துப் பார்த்தும் முள் குத்தியதுதான் மிச்சம். ஒருநாள் அது எட்ட நின்று பேச்சுக் கொடுத்தது.

"என்னம்மா, நெஞ்செல்லாம் கீறலா இருக்கே?"

"என்ன செய்யறது? முள்ளுக்குள்ள குடியிருக்கேன்."

"வீடுன்னா ஒரு வாசல் வேண்டாமா? மேய வர்ற வெள்ளாட்டுக்கிட்டச் சொன்னா ஒரு பக்கமா ஒடிச்சு விடுமே."

வேறொரு நாளாக இருந்திருந்தால், 'நரிக்கு என்ன திடீர்க் கரிசனம்?' என்று கௌதாரி யோசித்திருக்கும். அன்று அதற்கு யோசிக்கத் தெம்பில்லை. "நீயாவது கேட்டியே" என்று கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மந்தையோடு வந்த வெள்ளாட்டிடம் கௌதாரியே போய்க் கேட்டது. ஆடு வெள்ளந்தி. கொம்பால் முட்டிக் கிளைகளை ஒடித்தது, கொழுந்தைத் தின்றது. மதியத்துக்குள் நல்ல வழி உண்டாகிவிட்டது.

கௌதாரி ஒரு கீறலும் படாமல் உள்ளே நடந்தது. முட்டைகளின் மேல் உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.

விடிந்ததும் கறையான் கொத்தப் போனது. திரும்பி வந்தபோது கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. வாசல் மண்ணில் நரியின் காலடி.

கௌதாரி அழக்கூட இல்லை. அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே! நொறுங்கிய ஓடுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தது.

மேய வந்த வெள்ளாடு எட்டிப் பார்த்தது. "அக்கா, போக வர வழி சரியா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு தம்பி" என்றது கௌதாரி. "எனக்கும் சரியா இருந்துச்சு, நரிக்கும் சரியா இருந்துச்சு."

நாம் களைத்திருக்கும் நேரம் பார்த்து, நம்மைக் காக்கும் முள்ளையே தொல்லை என்று சொல்லி ஆறுதல் பேசுகிறவரை நம்பக் கூடாது.