சோதிக்காத வாசல்

கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்லும் பழக்கம் ஷாகிராவுக்குக் கிடையாது. எதையாவது செய்து காட்டுவாள். புரிந்தால் புண்ணியம், புரியாவிட்டால் மறுநாள் வந்து மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நாகர்கோவிலில் டயர் கடைக்கு மேலே இருந்த அந்த மென்பொருள் அலுவலகத்தில் எல்லாருக்கும் இது பழகிப்போயிருந்தது. அவளிடம் வேலை கற்றவர்களில் வயதில் மூத்தவர் ஜெபசிங். வங்கி வேலையை உதறிவிட்டு நிரல் எழுத வந்தவர். குரு தன்னைவிடச் சின்னவள் என்பதில் அவருக்கு வெட்கமே இருந்ததில்லை.

அன்று காலை தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அவள் மேசை முன்னால் வந்து நின்றார்.

“மேடம், சாயங்காலம் அந்த வீட்டுல ஜெபக்கூட்டம். லீனஸ் மூஞ்சியப் பாத்து நான் என்ன சொல்லட்டும்?”

எந்த வீடு, எந்த லீனஸ் என்று அவள் கேட்கவில்லை. ஒரு வாரமாக அந்த அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை.

புயல் அடித்தபோது கடலில் இருந்த படகுகள் கிடைத்த துறைமுகத்தில் எல்லாம் ஒதுங்கின. எந்தப் படகு எங்கே ஒதுங்கியது என்று தேடித் தரும் மென்பொருளை இவர்கள்தான் எழுதிக் கொடுத்தார்கள். லீனஸின் படகு தூரத்தில் ஒரு துறைமுகத்தில் பத்திரமாக இருந்தது. பதிவும் ஆகியிருந்தது. ஆனால் அவனுடைய அப்பா பிச்சைமுத்து கரையில் போட்டிருந்த தகவல் மேசைக்கு வந்து கேட்டபோதெல்லாம் கணினி ‘இல்லை’ என்றே சொன்னது. கிழவர் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார். தண்ணீர்கூடத் தொடவில்லை. மகன் உயிரோடு வந்து இறங்கியது அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கத்தான்.

ஜெபசிங்கும் லீனஸும் ஒரே பங்குக்கோயில்காரர்கள்.

தப்பு நடந்த இடம் சின்னது. கணினியைத் தேடச் சொல்லும் மொழியில், கண்டுபிடிக்க வேண்டிய பொருளுக்கு முன்னால் கேள்விக்குறி போட்டு ஒரு பெயர் வைப்பார்கள். அதுதான் மாறி. பெயரை மேசையில் இருப்பவரே வைத்துக்கொள்ளலாம். கரையில் இருந்தவர் ‘படகு-2’ என்று வைத்துவிட்டார். பெயருக்குள் கோடு வரக்கூடாது. கணினி அதைக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டு, படகிலிருந்து இரண்டைக் கழிக்கப் பார்த்தது. முடியவில்லை. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ‘இல்லை’ என்றுவிட்டது.

இதைத் தடுக்கத்தான் ஷாகிரா, மாறிப் பெயர்களை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும் தனி வகை ஒன்றை நிரலில் எழுதி வைத்திருந்தாள். அதற்குள் நுழைய இரண்டு வாசல். ஒன்று பெயரை எழுத்தெழுத்தாகச் சோதிக்கும், சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும். மற்றது எதையும் சோதிக்காது. எந்த வாசல் வழியாக வந்தாலும், உள்ளே வந்த பெயரை அப்புறம் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. கல்யாணப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்துவிட்டவனிடம் யார் பத்திரிகை கேட்கப் போகிறார்கள்?

சோதிக்காத வாசலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர், இங்கே சோதனை ஏன் வேண்டாம் என்று நிரலில் அந்த இடத்துக்கு மேலே ஒரு வரி எழுத வேண்டும். கரை மேசைக்கான பகுதியில் அந்த வாசலைப் பயன்படுத்திய ஜெபசிங் எழுதியிருந்தார்: ‘பெயர் திரையிலேயே சரிபார்க்கப்பட்டது.’

பெயரைத் தட்டச்சு செய்யும் அந்தத் திரை எதையும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கும்படி யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

“சொல்லுங்க மேடம். தப்பு எம்மேலயா?”

ஷாகிரா தன் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“உக்காருங்க. சோதிக்காத வாசல் இருக்குல்லா, அதை அழிங்க.”

“முழுசாவா?”

“முழுசா.”

அழித்தார். நிரலை மறுபடி ‘கம்பைல்’ செய்து பார்க்கச் சொன்னாள். அந்தக் கணினி மொழி கண்டிப்பானது. வாசல் இல்லாமல் தவித்த ஒவ்வொரு இடத்தையும் சிவப்பில் காட்டிக்கொண்டே போனது. ஜெபசிங் தன்னுடைய ஒரு வரிதான் வரும் என்று நினைத்திருந்தார். திரை முழுக்கச் சிவப்பு.

“ஒண்ணொண்ணா திறந்து மேல உள்ள வரியப் படிங்க.”

“பெயர் திரையிலேயே சரிபார்க்கப்பட்டது. இது நம்ம செல்வின் எழுதுனது.”

“அடுத்தது?”

“பெயர் திரையிலேயே சரிபார்க்கப்பட்டது. பெனிட்டா.”

“அடுத்தது?”

“அதே வரிதான் மேடம். எல்லாத்துலயும் அதே வரிதான்.”

“எல்லாத்துக்கும் முதல்ல எழுதுனது யாருன்னு பாருங்க.”

பார்த்தார். பெயர் ஷாகிரா என்று இருந்தது.

ஜெபசிங்குக்கு ஒரு கணம் அப்பாடா என்று இருந்தது. செத்துப்போன மனுஷரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு நிம்மதியா என்று மறுகணமே உடம்பு கூசியது.

“இதைப் பாத்துதான் மேடம் நான் எழுதுனேன்.”

“தெரியும்.”

“நீங்க திரையப் பாத்துட்டுதான் எழுதியிருப்பியன்னு இருந்துட்டேன்.”

“நான் பாக்கல. பின்னால வாறவங்க பாப்பாங்கன்னு இருந்துட்டேன்.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அலுவலகத்தில் அவர் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்.

“வேலைய விட்டுட்டு வந்து உங்ககிட்ட படிச்சவன் நான். நீங்க சொன்ன ஒரு வார்த்தைய மறுத்துக் கேட்டிருப்பேனா?”

“இல்ல. கேட்டதே இல்ல.”

கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

அவர் ஒரு முடிவுக்கு வந்தவர்போல எழுந்தார்.

“சரி மேடம். போனதும் அவன் கையப் புடிச்சு மன்னிச்சுக்கோப்பான்னு கேட்டுருதேன். தங்கமான பையன், ஒண்ணும் சொல்லமாட்டான். மத்ததெல்லாம் பொறவு பேசிக்கிடலாம்.”

“நானும் வாறேன்,” என்றாள் ஷாகிரா. “ஆனா நடந்தது பூராவும் அவருக்குச் சொல்லி முடிக்கிற வரைக்கும் மன்னிப்புக் கேக்காதீங்க.”

“ஏன் மேடம்?”

“கேட்ட உடனே குடுத்துருவாரு. எதுக்குன்னு பாக்கமாட்டாரு.”