ஒரே வளைவு, ஒரே தண்டனை

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. கார் பந்தயத்தில் இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் வசுந்தரா. கோயம்புத்தூருக்குத் தெற்கே குமரன்கரடு ஓடுதளத்தின் தலைமை நடுவர். சீடர் குழந்தைவேலு அதே ஓடுதளத்தில் இருபது வருஷம் கார் ஓட்டியவர். முதுகு மக்கர் பண்ணியதால் நிறுத்தினார். சும்மா இருக்கப் பிடிக்காமல் நடுவர் வேலை பழக வந்தார். அவர் வசுந்தராவை மேடம் என்பார், வசுந்தரா அவரை அண்ணா என்பார். யாரிடம் யார் கற்றுக்கொள்கிறார் என்பதில் மட்டும் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அங்கே ஓடுவது ஸ்டாக் கார் பந்தயம். எல்லாம் ஒரே மாதிரி கார்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கதவோடு கதவு உரசும் அளவுக்கு நெருங்கினால்தான் முந்தவே முடியும். உரசலாம். வேண்டுமென்றே இடிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் நூலிழையைக் கண்டுபிடிக்கத்தான் நடுவர்களுக்குச் சோறு போடுகிறார்கள்.

ஜூலை மாதப் பந்தயத்தில், தூத்துக்குடியிலிருந்து புதிதாக வந்த ஆல்வின் என்ற பையன் மூன்றாம் வளைவில் நிரஞ்சனின் காரை இடித்தான். நிரஞ்சன் மூன்று வருஷமாகச் சாம்பியன். ஊரில் பாதி ஆட்டோக்களின் முதுகில் அவர் படம் ஒட்டியிருக்கும். ஆல்வின் ஸ்டீயரிங்கைத் திருப்பியது அவன் காருக்குள் இருந்த கேமராவில் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஒரு பந்தயம் ஓடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. குழந்தைவேலுவும் கையெழுத்துப் போட்டார். ஒரு டீ ஆறும் நேரம்கூட அவர் யோசிக்கவில்லை.

செப்டம்பரில் அதே வளைவில் நிரஞ்சன் ஆல்வினை இடித்தார். கேமராவில் அதுவும் பளிச்சென்றுதான் தெரிந்தது. ஆல்வினின் கார் சுவரில் மோதி முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. நல்லவேளை, பையன் தன் காலில் நடந்து வெளியே வந்தான்.

வருஷத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பந்தயம். புள்ளிகளில் நிரஞ்சன்தான் முன்னால். ஓடினால் நான்காவது பட்டம் அவருக்கு. தடை விழுந்தால் இல்லை.

இந்தத் தீர்ப்பை நீங்கள் எழுதுங்கள் என்று வசுந்தரா கோப்பைக் குழந்தைவேலுவின் முன்னால் வைத்தார். இதை வைத்துத்தான் அவருக்கு நடுவர் சான்று தருவதா வேண்டாமா என்று முடிவாகும் என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு நாள் அவர் எழுதவில்லை. கிளப் தலைவர் போன் செய்து அரைமணி நேரம் மழை, வெயில், காய்கறி விலை எல்லாம் பேசினார். நிரஞ்சன் இல்லாவிட்டால் கடைசிப் பந்தயத்துக்கு ஈ காக்கா வராது என்று நடுவில் ஒரு வரி சொன்னார். குழந்தைவேலுவின் சொந்த மச்சானே வீட்டுக்கு வந்து, நம்ம ஊர்ப் பையனை நாமே கவிழ்ப்பதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனார்.

மூன்றாம் நாள் அவர் குருவிடம் வந்தார்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்கண்ணா."

"ஆல்வின் அப்போ பத்தொம்பதாவது எடத்துல இருந்தான். ஒரு பந்தயம் ஓடலைன்னு அவனுக்கு ஒண்ணும் போயிரலீங்க. நிரஞ்சனுக்கு அதே ஒரு பந்தயம்னா பட்டமே போயிருமுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனைங்கிறோம். வலி ஒண்ணா இல்லீங்களே. இது நியாயமுங்களா?"

கேள்வி நல்ல கேள்விதான். கேட்டவருக்கு நிரஞ்சன்மேல் கொள்ளைப் பிரியம் என்பதை மறந்துவிட்டால் இன்னும் நல்ல கேள்வி.

சனிக்கிழமை காலையில் ஹெல்மெட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார் வசுந்தரா.

குமரன்கரட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுதளத்தில் எந்த இடத்தைப் பழுது பார்த்தாலும், அடுத்த பந்தயத்துக்கு முன்னால் இரண்டு கார்கள் அந்த இடத்தைப் பந்தய வேகத்தில் ஜோடியாகக் கடந்து காட்ட வேண்டும். ஒரு காரைப் புள்ளிகளில் முன்னால் நிற்பவர் ஓட்டுவார். இன்னொன்றை யார் ஓட்டுவது என்று தலைமை நடுவர் சொல்வார். மூன்றாம் வளைவின் சுவரைச் சரிசெய்து புதுத் தார் போட்டிருந்தார்கள்.

நிரஞ்சன் சிரித்துக்கொண்டே வந்தார். வழக்கப்படி தன்னைக் கூப்பிட்டதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வசுந்தரா அவரை உள்பக்கம் ஓட்டச் சொன்னார். சுவர்ப் பக்கம் குழந்தைவேலுவுக்கு. ஆறு சுற்று. வசுந்தரா போய்க் கொடிக்காரர்களின் மேடையில் நின்றுகொண்டார்.

இரண்டு கார்களும் சீறிக் கிளம்பின. அந்த வளைவு குழந்தைவேலுவுக்குச் சொந்த வீட்டுச் சமையலறை போல. கண்ணை மூடிக்கொண்டு திரும்புவார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அதில் போகிறவன்தான் ஓட்டுநர் என்று இருபது வருஷம் மார்தட்டியவர்.

முதல் சுற்றில் நிரஞ்சனின் கதவு ஒரு முழம் தள்ளி வந்தது. குழந்தைவேலுவின் கால் தானாக மேலே எழும்பியது. கார் பின்தங்கியது. வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டார். இரண்டாம் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். அப்போதும் எழும்பியது. நிரஞ்சன் நூல் பிடித்தது மாதிரி தன் வழியிலேயே போய்க்கொண்டிருந்தார். ஆறு சுற்றும் முடிந்தன.

கீழே இறங்கியதும் வசுந்தரா கேட்டார்.

"வளைவு எப்படிங்கண்ணா?"

"நல்லா இருக்குதுங்க மேடம். தாரு நல்லாப் புடிச்சிருக்குது."

"எத்தனை தடவை காலை எடுத்தீங்க?"

"எடுக்கலீங்களே."

காலை எடுத்ததாக எந்த ஓட்டுநரும் ஒப்புக்கொண்டது கிடையாது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

"எனக்கு எஞ்சின் சத்தம் நல்லாக் கேட்டுச்சுங்கண்ணா."

குழந்தைவேலு ஹெல்மெட்டைக் கழற்றினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆறு தடவையும் எடுத்தேனுங்க."

"நிரஞ்சன் ஏதாச்சும் பண்ணினாருங்களா?"

"ஒண்ணுமே பண்ணலீங்க. அருமையா ஓட்டுனாரு."

"அப்புறம் ஏனுங்க எடுத்தீங்க?"

வசுந்தரா பதிலுக்காக நிற்கவில்லை. குழந்தைவேலு நேராக மாடியில் இருந்த நடுவர் அறைக்குப் போனார். இத்தனை நாளாக வராத தீர்ப்பு கால்மணி நேரத்தில் வந்தது.

அன்று சாயங்காலம் தீர்ப்பு வாசிக்கும் கூட்டம். நிரஞ்சன் எதிரே உட்கார்ந்திருந்தார். கிளப் தலைவர் ஜன்னலோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலு தாளை எடுத்துப் படித்தார். வேண்டுமென்றே இடித்தது நிரூபணம், அடுத்த ஒரு பந்தயம் தடை.

"நாலாவது பட்டமுங்கண்ணா," என்றார் நிரஞ்சன். "அந்தப் பையனுக்கு அன்னைக்கு என்னங்க போச்சு? எனக்கு எல்லாமே போகுது."

"போறதுக்கு உங்கிட்ட நெறைய இருந்துச்சு தம்பி. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் அது உங்கிட்டத்தான் இருந்துச்சு."

நிரஞ்சன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். வசுந்தரா தாளை வாங்கி ஒருமுறை படித்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே கையெழுத்திட்டார்.

கடைசிப் பந்தயத்தன்று கூட்டம் பாதிதான் வந்தது. வந்த பாதியும் திட்டுவதற்காக வந்த மாதிரி இருந்தது. நடுவர் மாடத்தை நோக்கி ஒரு செருப்பு பறந்தது, பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. கொடி அசைந்தது. இருபத்தொரு கார்கள் கிளம்பின. மூன்றாம் வளைவை ஜோடி ஜோடியாகக் கடந்தன. ஐந்தாம் சுற்றில் மூன்று மூன்றாகக் கடந்தன. அந்த வளைவில் மூன்று கார்கள் ஒன்றாகப் போய் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பத்தாம் சுற்றில் கூச்சல் அடங்கியது. கடைசிச் சுற்றில் அத்தனை பேரும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். பட்டம் சேலத்துக்காரர் ஒருவருக்குப் போனது. காலையில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஜனவரியில் புது வருஷத்தின் முதல் பந்தயம். நிரஞ்சன் திரும்பி வந்தார். குழந்தைவேலு நடுவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வசுந்தராவின் பக்கத்தில் நின்றார்.

கடைசிச் சுற்றில் இரண்டே கார்கள் தனியாக முன்னால் வந்தன. உள்பக்கம் நிரஞ்சன். சுவரை ஒட்டி ஆல்வின். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வளைவுக்குள் இரண்டும் ஒன்றாக நுழைந்தன. ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் நடுவே நாலு விரல்கூட இல்லை. இரண்டு எஞ்சின்களின் சத்தமும் கொஞ்சமும் இறங்கவில்லை. நுழைந்த மாதிரியே வெளியே வந்து, எல்லைக் கோட்டைக் கடந்தபோது நிரஞ்சனின் கார் அரை முழம் முன்னால் இருந்தது.

காரை நிறுத்தியதும் நிரஞ்சன் ஆல்வினிடம் ஓடினார். தோற்ற பையன் ஜெயித்தவரை அலாக்காகத் தூக்கிச் சுற்றினான். மைதானம் இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். குழந்தைவேலு முதுகுவலியை மறந்து குதித்தார், வலி ஞாபகம் வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. வாழ்க்கையில் அவர் ஜெயித்த எந்தப் பந்தயத்திலும் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

"நம்ம தண்டனை பலிச்சிருச்சுங்க மேடம். நிரஞ்சன் திருந்திட்டாரு, பாத்தீங்களா?"

"அவரு திருந்தினாரான்னு நான் பாக்கலீங்கண்ணா," என்றார் வசுந்தரா. "ஆல்வின் காலை எடுக்கறானான்னுதான் பாத்தேனுங்க. ஜூலையில நாம தடை போட்டது நிரஞ்சனுக்காக. செப்டம்பர்ல போட்டது ஆல்வினுக்காக."