பரி ஏறாத கப்பல்

நெய்தற்கரையை ஆண்ட வீரகேது ராஜாவுக்கு ஒரே மகள். பெயர் பரிமளவல்லி. அவளைக் கடலுக்கு அப்பால் இருந்த சங்குத்தீவு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை ராஜ்ய காரியமாக முன்னால் போய்விட்டு, பெண்ணை அழைத்துவரப் பெரிய கப்பல் ஒன்றை அனுப்பியிருந்தார்.

பரிமளவல்லி கேட்டது ஒன்றே ஒன்றுதான். குட்டியிலிருந்து அவள் வளர்த்த ஆறு குதிரைகளும் கூட வரவேண்டும்.

இதைக் கேட்டதும் லாயத்து அதிகாரி மழவராயர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். அந்த ஆறும் போய்விட்டால் லாயத்தில் மிஞ்சுவது பல் கொட்டின நாலு கிழட்டுக் குதிரைகளும் இரண்டு கோவேறு கழுதைகளும்தான். நவராத்திரி ஊர்வலத்தில் இளவரசியின் வெள்ளைக் குதிரைமேல் மீசையை முறுக்கிக்கொண்டு போகிற மனிதர் அவர். கோவேறு கழுதைமேல் மீசையை முறுக்கினால் ஊர் என்ன சொல்லும்?

நேரே ராஜாவிடம் போனார். "அரசே, நல்ல குதிரை நாட்டின் பலம். அதை அந்நிய மண்ணுக்கு அனுப்பலாமா? நாளைக்கு அவர்களே அதன்மேல் ஏறி நம்மேல் படையெடுத்தால்?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "சரி, தடை போட்டு ஓலை எழுதிக் கொண்டுவாரும். முத்திரை வைக்கிறேன்" என்றார்.

மழவராயருக்குச் செந்தமிழில் ஒரு மோகம். தாகம் எடுத்தால்கூட "புனல் கொணர்க" என்பார். குதிரை என்று எழுத அவருக்குக் கை வருமா? "பரி எனும் பெயர் தாங்கிய எவரும் எதுவும் கலம் ஏறலாகாது. மீற விடுபவர் சிறை புகுவர்" என்று எழுதினார். 'எவரும்' என்பது ஓசைக்காகச் சேர்த்தது.

இளவரசி அந்த ஓலையை அரண்மனை விகடகவி வெண்காடனிடம் காட்டினாள். அழுது கண் சிவந்திருந்தது.

"புலவரே, இதை மாற்ற முடியுமா?"

வெண்காடன் இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறை உதட்டுக்குள் சிரித்துக்கொண்டான்.

"முத்திரை விழுந்ததை மாற்ற முடியாது அம்மணி. ஒரு எழுத்து விடாமல் நிறைவேற்றலாம்."

அன்றே ராஜாவிடம் போய், கப்பலேற்றும் வேலையைத் தானே மேற்பார்வை பார்ப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை துறையில் ஒரே கூட்டம். இளவரசியை வழியனுப்ப அவளுடைய ஆறு குதிரைகளையும் கரையில் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். கப்பல் தலைவர் மீரா லெப்பை அவசரப்படுத்தினார். "நடுப்பகலில் நீர் வற்றத் தொடங்கும். அப்புறம் கப்பல் முகத்துவாரம் தாண்டாது. இன்றோடு காற்றும் திரும்பிவிடும், அடுத்த காற்றுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்."

ஏறும் பலகையின் முன்னால் ஓலையும் கையுமாக வெண்காடன் உட்கார்ந்திருந்தான். வெளியே சிரித்த முகம். உள்ளே பயம்தான். ராஜாவுக்குக் கோபம் வந்தால் சிரிக்க வைப்பதற்குள் தலை போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும்.

முதலில் நாலு பேர் பெட்டிகளைத் தூக்கிவந்தார்கள்.

"என்ன இது?"

"சம்பந்தி வீட்டுக்குப் பரிசுகள்."

"பரியில் ஆரம்பிக்கிறது. கீழே வை."

அடுத்து கரண்டியும் கையுமாகச் சமையல்காரர் வந்தார். "நான் அரண்மனைப் பரிசாரகன்."

"தெரியும். ஓரமாக நில்லும்."

இளவரசியின் கட்டில் வந்தது. வெண்காடன் சாமான் பட்டியலைப் பார்த்தான். "பரியங்கம் என்று எழுதியிருக்கிறது. இறக்கு."

தோழிகள் திரளாக வந்தார்கள். "நாங்கள் இளவரசியின் பரிவாரம்."

"பரியை விட்டுவிட்டால் வாரம்தான் மிஞ்சும். ஒரு வாரத்தை எப்படிக் கப்பலில் ஏற்றுவது? நில்லுங்கள்."

கடைசியில் பட்டும் நகையுமாகப் பரிமளவல்லி வந்து நின்றாள். வெண்காடன் எழுந்து கும்பிட்டான். பலகையை விட்டு மட்டும் நகரவில்லை.

செய்தி அரண்மனைக்குப் பறந்தது. ராஜா பல்லக்கில் விரைந்து வந்தார். பின்னாலேயே மழவராயர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என் மகளைத் தடுத்தவன் எவன்?"

"தடுத்தது நான் இல்லை அரசே, தங்கள் முத்திரை." வெண்காடன் ஓலையை நீட்டினான். "பரி எனும் பெயர் தாங்கிய எவரும் எதுவும் ஏறக்கூடாதாம். இளவரசியின் பெயரிலேயே பரி இருக்கிறது. ஏற்றிவிட்டால் நான் சிறைக்குப் போகவேண்டும்."

மழவராயர் குறுக்கிட்டார். "பரி என்றால் குதிரை என்று இவனுக்குத் தெரியாதா?"

"குதிரையைத்தான் சொல்கிறீர் என்றால், எவரும் என்று எதற்கு எழுதினீர்? குதிரையை யாராவது எவர் என்பார்களா?"

"அது ஓசைக்காக..." என்று இழுத்தார் மழவராயர்.

"குதிரை என்றே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா ஐயா?" என்றார் ராஜா எரிச்சலோடு. பிறகு மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

"விட்டுவிட்டுப் போ என்றால் போகிறேன் அப்பா. அந்தத் தீவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. முதல் நாள் காலையில் எழுந்து நான் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது?"

மீரா லெப்பை தண்ணீரைப் பார்த்தார். ராஜா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓலையை வாங்கி இரண்டாக முறித்தார்.

"எல்லாப் பரியும் ஏறட்டும். குதிரைகள் முதலில்."

"எல்லாம் வேண்டாம் அரசே" என்றான் வெண்காடன். "தங்கள் முத்திரைக்கு மரியாதையாக ஒரே ஒரு பரி மட்டும் கரையில் நிற்கட்டும்."

"அது எது?"

"அதோ, மழவராயர் முகத்தில் நிற்கிறதே, பரிதாபம்."

ராஜா சிரித்த சிரிப்பில், பலகை ஏற அடம்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக் குதிரை மிரண்டுபோய் ஒரே பாய்ச்சலில் கப்பலுக்குள் குதித்தது.